அண்டர்டேக்கருக்கு உயிர் ஏழா, எட்டா?

ராயபுரம் கல்மண்டபத்திலோ கொருக்குப்பேட்டை கேட் பக்கமோ கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் நிற்கும் இடத்தில் ‘அண்டர்டேக்கர்’ என்ற பேரைப் போட்டுவிட்டால் போதும், அரை மணி நேரத்துக்கு ஸ்ட்ரைக்கர் நகராது. “அந்தாளுக்கு ஏழு உசுருபா” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “எல்லாம் டூப்பு மாமே, சொல்லிவெச்சு அடிச்சிக்கிறானுங்க” என்று இன்னொருவர் குறுக்கே வெட்டுவார். “டூப்புன்னா 21 தடவ எப்டிடா ஜெயிப்பான்?” என்பார் மூன்றாமவர். “நம்ம காளி அவன படுக்கவெச்சான்ல?” என்று தேசபக்தர் ஒருவரும் இருப்பார். தோற்றவர் ஒரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம் விழும். தோற்றது யார் என்பதற்கு அப்புறம் தனிப் பஞ்சாயத்து நடக்கும்.

விவரம் தெரியாமல் யாரும் பேசுவதில்லை. ‘ஜெயிச்சான்’ என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் வழக்கு தீராமல் இழுக்கிறது. அண்டர்டேக்கர் ஆடியது டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்கக் கம்பெனி டிவியில் காட்டும் ரெஸ்ட்லிங். இந்த வகை ரெஸ்ட்லிங்குக்கு மூன்று கணக்கு நோட்டு உண்டு. கதையில் யார் ஜெயித்தார் என்பது முதல் நோட்டு. கம்பெனி யாரை, எதற்காக ஜெயிக்கவைத்தது என்பது இரண்டாவது. ரிங்கை விட்டு இறங்கும்போது யார் உடம்பில் என்ன மிச்சம் இருந்தது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் முன்கூட்டியே எழுதிவிடலாம். மூன்றாவது தானாக எழுதிக்கொள்ளும். அண்டர்டேக்கரின் 30 வருடத்தை இந்த மூன்று நோட்டிலும் தனித்தனியாகப் பதிந்து பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி.

சேகண்டி அடித்து வந்தவர்

மார்க் காலவே, 1965 மார்ச் 24 அன்று டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்தவர். கல்லூரியில் ஆடியது கூடைப்பந்து. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு ரெஸ்ட்லிங்குக்கு வந்து, 1987இல் ‘டெக்சாஸ் ரெட்’ என்ற பெயரில் முகமூடி போட்டு இறங்கினார். பிறகு டபிள்யூசிடபிள்யூ கம்பெனியில் ‘மீன் மார்க்’ ஆனார். பெரிதாக எடுபடவில்லை. 1990 நவம்பர் 22 அன்று கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் டெட் டிபியாசியின் அணிக்கு ரகசிய ஆளாக நுழைந்தபோதுதான் உலகம் பார்த்த அண்டர்டேக்கர் பிறந்தார்.

அண்டர்டேக்கர் என்றால் அமெரிக்காவில் சவ அடக்கக் காரியத்தை ஏற்று நடத்துபவர். கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, டை, சாம்பல் நிறக் கையுறை எல்லாம் பழைய கௌபாய் கால அடக்கக்காரரின் உடுப்பு. கூடவே 1991இலிருந்து அஸ்தி கலசத்தைத் தூக்கிக்கொண்டு வரும் மேனேஜர் பால் பேரர். மற்றவர்கள் எல்லாம் ஓடிவந்து கத்திக் கையைத் தூக்கிய காலத்தில் இவர் மட்டும் நடந்து வந்தார். அடித்தால் வலித்த மாதிரி காட்டவில்லை. படுக்கவைத்தால் இடுப்பிலிருந்து அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாவுக்குச் சங்கும் சேகண்டியும் முன்னே போக, மேளமும் மரண கானாவும் பின்னே வரும் ஊரில், ‘டொய்ங்’ என்று ஒரு மணிச் சத்தத்தோடு விளக்கணைந்து ஒருவன் நடந்துவந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைய பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகனின் மஞ்சள் பனியனும் அமெரிக்கக் கொடியும் இங்கே அந்நியம்தான். சேகண்டி அப்படியில்லை. வடசென்னைப் பையன்கள் ஹோகனைவிட இவரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதைவிட நல்ல காரணம் தென்படவில்லை.

அந்த மெதுநடையில் தொழில் சூட்சுமமும் இருக்கிறது. 140 கிலோ உடம்பை ஓடவிட்டால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். நடக்கவிட்டால் அந்த மூச்சு மேட்சுக்கு மிச்சம். கூட்டத்தைக் கட்டிப்போடும் வேலையில் பாதியை நடையே செய்துவிடுவதால் ரிங்குக்குள் விழவேண்டிய அடிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. 1991இல், கம்பெனி வருடம் ஒருமுறை நடத்தும் பெரிய திருவிழாவான ரெஸ்ல்மேனியாவின் 7ஆவது நிகழ்ச்சியில் ஜிம்மி ஸ்னூக்காவை முடிக்க அவருக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வருட நவம்பரிலேயே ஹோகனைத் தோற்கடித்துச் சாம்பியன். ஆறே நாளில் பெல்ட் போய்விட்டது. மொத்தமாக அவர் உலகப் பட்டம் பிடித்தது 7 முறை. ஜான் சீனாவின் 17க்கும் ரிக் ஃப்ளேரின் 16க்கும் பக்கத்தில் வைத்தால் இது சின்ன எண். “ஏழுதானே?” என்று கேட்பவருக்கு இரண்டாவது நோட்டிலிருந்து பதில் சொல்லலாம். பெல்ட் என்பது ஆளை உயர்த்துவதற்குக் கம்பெனி கையில் வைத்திருக்கும் ஏணி. ஏற்கெனவே மேலே நிற்பவருக்கு ஏணி தந்து என்ன பிரயோஜனம்?

டூப்பு எது, உடம்பு எது

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு என்று 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் கம்பெனியே ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்கான கமிஷன் கட்டுப்பாடும் கட்டணமும் தன்மேல் வரக்கூடாது என்பதற்காக. ஆக “டூப்பு” என்பவர் 30 வருடத்துக்கு மேலாகத் திறந்து கிடக்கும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் வடசென்னையில் ‘டூப்பு’ என்ற சொல்லுக்குக் கனம் ஜாஸ்தி. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிக் கையுறை மாட்டிய ஊர். ரோசமான குத்துச்சண்டை என்று நோட்டீஸ் அடித்துப் பார்த்த ஊர். அங்கே குத்து வாங்கி மூக்கு உடைந்தவரின் பேரன், சொல்லிவைத்து விழுபவனை மதிக்கத் தயங்குவது நியாயம்தான். அதனால் எங்கே சொல்லிவைத்தது நின்று எங்கே உடம்பு ஆரம்பிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

டபிள்யூடபிள்யூஇ ரிங் 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரைப் பஞ்சு, மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான். மெத்தை இருக்கிறது என்று நினைப்பவர்கள் கட்டில் பலகைமேல் பெட்ஷீட் விரித்து அதில் முதுகடித்து விழுந்து பார்த்தால் கிட்டத்தட்ட சரியான அனுபவம் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். விழும் சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு அடியில் பலகைக்குக் கீழே வெற்றிடம் இருப்பது காரணம், மைக்கும் உதவும். கயிறு மூன்று. பாக்ஸிங்கில் நான்கு.

விழுவதற்கு ஒரு முறை உண்டு, தொழிலில் அதற்குப் பெயர் பம்ப். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை பலகையில் மோதும். மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படவேண்டும், ஒரு புள்ளியில் பட்டால் அந்த எலும்பு போச்சு. இரண்டு கையையும் உடம்பிலிருந்து சாய்வாக விரித்து உள்ளங்கையால் தரையை அறைந்தால் அதிர்ச்சி பங்கு பிரியும். முழங்கையை ஊன்றவே கூடாது. விழும் நொடியில் மூச்சை வெளியே விடவேண்டும். இவை எல்லாமே சரியாக நடந்தால் வலி குறையும், இல்லாமல் போகாது. இப்படி வாரத்துக்கு நாலைந்து ராத்திரி, ஊர் ஊராக.

அண்டர்டேக்கரின் முத்திரை அடி டூம்ஸ்டோன் பைல்டிரைவர். எதிராளியைத் தலைகீழாக, வயிற்றோடு வயிறு ஒட்டத் தூக்கி, இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி, முட்டி போட்டு விழுவது. பார்ப்பவர்க்குத் தலை தரையில் இடிக்கிற மாதிரி தெரியும். உண்மையில் எதிராளியின் தலை இவருடைய தொடைகளுக்கு நடுவே, முட்டி மட்டத்துக்கு மேலே இடுக்கப்பட்டிருக்கும். எதிராளியும் இவர் தொடையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். தரையில் படுவது தலை இல்லை, இவர் முட்டி. எதிராளி 110 கிலோ, இவர் 140 கிலோ என்று வைத்தால் 250 கிலோ இரண்டு முட்டியில் இறங்குகிறது. எதிராளியைக் காப்பாற்றத் தன் முட்டியைத் தருவதுதான் அந்த அடியின் அமைப்பு. சுமார் 30 வருடம் அதைச் செய்தவருக்கு முட்டியும் இடுப்பும் என்ன ஆகும் என்பதற்கு டாக்டர் தேவையில்லை. 2017 ரெஸ்ல்மேனியாவுக்குப் பிறகு இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

எங்கே தப்புகிறது? வேர்வையில் கை வழுக்கி எதிராளி இரண்டு விரற்கடை கீழே இறங்கினால் தலைதான் முதலில் தரையைத் தொடும். பைல்டிரைவர் வகையில் இன்னொரு விதம், உட்கார்ந்தபடி போடுவது. 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் அப்படிப் போட்டபோது ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, கொஞ்ச நேரம் கைகால் அசையவில்லை. பிற்பாடு கம்பெனி பைல்டிரைவரைக் கிட்டத்தட்டத் தடை செய்தது. அண்டர்டேக்கருக்கும், கதையில் அவர் தம்பியாக வரும் கேனுக்கும் மட்டும் விதிவிலக்கு. பிடி நழுவாது என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று இதைச் சொல்லலாம்.

‘ஓல்டு ஸ்கூல்’ எனப்படும் கயிறு நடையும் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைதான். எதிராளியின் கையை முறுக்கிப் பிடித்தபடி மேல் கயிற்றில் நடந்து, தோளில் அடித்து இறங்குவார். அந்தப் பிடித்த கைதான் அவருக்குக் கைப்பிடிச் சுவர். எதிராளி கையை இறுக்கி நிற்காவிட்டால் இவர் கவிழ்ந்துவிடுவார். ‘ஸ்பாய்லர்’ என்ற பெயரில் ஆடிய டான் ஜார்டினிடம் கற்றது இது.

ரிங்குக்குள் உண்மையிலேயே அடிபட்டால் ரெஃப்ரி இரண்டு கையையும் தலைக்குமேல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைப்பார். அதுதான் ‘கதை நின்றது, டாக்டர் வா’ என்ற சைகை. கதைக்காகவே அந்தச் சைகையைப் பொய்யாகவும் காட்டியிருக்கிறார்கள் என்பதால், பார்ப்பவன் பாடு திண்டாட்டம்தான்.

இவருடைய மூன்றாவது நோட்டில் சில பக்கங்கள். 1995இல் கண்குழி எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, முகத்துக்குக் கவசம் மாட்டிக்கொண்டு திரும்பினார். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து மேன்கைண்ட் என்ற ரெஸ்ட்லரை வர்ணனையாளர் மேஜை மீது தள்ளிவிட்ட காட்சியைப் பார்க்காதவர் குறைவு. அந்த விழல் பேசிவைத்தது. கொஞ்ச நேரத்தில் கூண்டின் கூரையே பிய்ந்து மேன்கைண்ட் உள்ளே விழுந்தது பேசிவைக்காதது, பல் உடைந்தது அதில்தான். 2009இல் ஷான் மைக்கேல்ஸுடன் ஆடிய மேட்சில், கயிற்றுக்கு மேலே பறந்து வெளியே பாய்ந்தார். கேமராமேன் வேஷத்தில் நின்று பிடிக்கவேண்டிய ஆள் சரியாகப் பிடிக்கவில்லை, 44 வயதில் தலைகுப்புற விழுந்தார். 2010 பிப்ரவரியில் நுழைவின்போது வாணவெடி தப்பாக வெடித்து நெஞ்சும் கழுத்தும் வெந்துபோனது. தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேட்சை ஆடி முடித்தார். 2019 ஜூன் 7, ஜெத்தாவில், 50 வயது தாண்டிய இவரும் கோல்ட்பெர்க்கும் மோதினார்கள். கோல்ட்பெர்க் ரிங் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டு நிலை தடுமாற, அவர் தூக்கிப்போட்ட ஜாக்ஹாமர் என்ற அடியில் இவர் கிட்டத்தட்டத் தலைகீழாக இறங்கினார். சொல்லிவைத்தவை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெயிலும் வயசும் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

21க்கு 0

ரெஸ்ல்மேனியாவில் தோற்காத வரிசைதான் இவர் பேரை நிற்கவைத்தது. இது ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1993இல் ஜெயன்ட் கொன்சாலஸுடனான மேட்ச் டிஸ்குவாலிஃபிகேஷனில் முடிந்தது. கொன்சாலஸ் மயக்க மருந்துத் துணியை வைத்து அமுக்கியதால் இவருக்கு வெற்றி. வரிசையைப் பேணுகிற எண்ணம் இருந்திருந்தால் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். 2002இல் ரிக் ஃப்ளேரைத் தோற்கடித்தபின் கேமராவைப் பார்த்து விரல்விட்டுப் பத்து எண்ணிக் காட்டினார். அதற்கப்புறம்தான் அது ஒரு சொத்து என்று கம்பெனி மெல்லப் பேணத் தொடங்கியது. வருடம் ஒருமுறை ‘இந்தத் தடவை போயிடுமா?’ என்ற கேள்வியை மட்டும் விற்று டிக்கெட் தீர்த்தார்கள்.

கணக்கு கேட்பவர்களுக்கு: ரெஸ்ல்மேனியா 7 முதல் 30 வரை 24 நிகழ்ச்சிகள். 1994, 2000 இரண்டிலும் இவர் ஆடவில்லை. மீதி 22 மேட்சில் 21 வெற்றி. கடைசியில் 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ், பிராக் லெஸ்னர். இங்கே அது திங்கட்கிழமை காலை. இரண்டாவது நோட்டைப் பார்த்தால், முடிவு அன்றைக்குத்தான் மாற்றப்பட்டது என்று அண்டர்டேக்கரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மூன்றாவது நோட்டில், அந்த மேட்சில் அவருக்கு மூளை அதிர்ச்சி. அன்றைய நாளே ஞாபகத்தில் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் நோட்டில் மட்டும் பார்த்தவர்கள்தான் அன்று அழுதது.

அதற்குப் பிறகு பிரே வயட், ஷேன் மக்மேன், ஜான் சீனா, ஏஜே ஸ்டைல்ஸ் என்று நாலு வெற்றி. 2017இல் ரோமன் ரெய்ன்ஸிடம் ஒரு தோல்வி. மொத்தம் 25 வெற்றி, 2 தோல்வி. இந்த எண் தெரிந்தவர் பந்தயத்தில் பெரும்பாலும் ஜெயிப்பார், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் 21இலேயே நின்றுவிடுகிறார்கள். 2003இல் பிக் ஷோ, ஏ-டிரெய்ன் இரண்டு பேரையும் எதிர்த்து ஆடியதையும் ஒன்றாகத்தான் எண்ணவேண்டும். “ரெண்டு பேர அடிச்சா ரெண்டு” என்று வாதாடுபவர் கபடிக் கணக்கைக் கொண்டுவருகிறார்.

“தோற்காமல் ஜெயித்தது கோல்ட்பெர்க்குக்கு 173, இவருக்கு 21தானே?” என்றும் ஒரு வழக்கு உண்டு. அந்த 173, கம்பெனி வாயால் ஏற்றிய எண். டிவியில் சொன்ன எண்ணிக்கை நடந்த மேட்சுகளைவிட வேகமாக ஓடியது. ஒன்று மொத்த வியாபாரம், மற்றது வருடத்துக்கு ஒரே உருப்படி விற்ற கடை. எம்.சி. ரோட்டுக் கடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கவேண்டாம்.

சில்லறை வழக்குகள்

காளி வழக்கில் தேசபக்தர் பக்கம் நியாயம் உண்டு. 2006 மே 21, ஜட்ஜ்மென்ட் டேயில் பஞ்சாப் போலீஸிலிருந்து போன தலிப் சிங் ராணா, அதாவது கிரேட் காளி, அண்டர்டேக்கரைச் சுத்தமாகத் தோற்கடித்தார். அப்போது அப்படித் தோற்றவர் ரொம்பக் குறைவு. புது ராட்சசனை நம்பவைக்க இருப்பதிலேயே பெரிய பெயரைக் கீழே போடவேண்டும், அது இரண்டாவது நோட்டு. ஆகஸ்டில், கடைசியில் நிற்பவரே ஜெயிக்கும் லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் மேட்சில் இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் தேசபக்தர் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கேன் கூடப்பிறந்த தம்பியா? இல்லை. கிளென் ஜேக்கப்ஸ். கேன் ஆவதற்கு முன்னால் பல் டாக்டர் வேஷம் போட்டவர், போலி டீசலாகவும் வந்தவர். 2018இல் டென்னசியின் நாக்ஸ் கவுன்டி மேயர் ஆனார். இதில் ஒரு வேடிக்கை, 1990இல் அண்டர்டேக்கரை முதலில் இறக்கியபோது ‘கேன் தி அண்டர்டேக்கர்’ என்றுதான் அறிவித்தார்கள். அண்ணன் கழற்றிப்போட்ட பேரைத் தம்பி மாட்டிக்கொண்டார்.

அக்‌ஷய் குமார் அண்டர்டேக்கரைத் தூக்கிப்போட்டாரா? 1996 இந்திப் படத்தில் வந்தது பிரையன் லீ. இந்த பிரையன் லீயேதான் 1994 சம்மர்ஸ்லாமில் போலி அண்டர்டேக்கராக வந்து அசலிடம் உதை வாங்கியவர். அந்த மேட்சில் அசலைக் கண்டுபிடிக்கக் கையுறையைப் பார்த்தால் போதும். போலிக்குப் பழைய சாம்பல் நிறம், அசலுக்கு ஊதா.

ரெஸ்ட்லர் படமும் அளவும் போட்டுப் பையன்கள் விளையாடிய டிரம்ப் கார்டு வழக்கு ஒரு வரியில் முடியும். அதில் அச்சடித்த உயரம், எடை, நெஞ்சளவு எல்லாம் முதல் நோட்டு. இவருக்கு 6 அடி 10 அங்குலம் என்று போட்டார்கள், எடை 299 பவுண்டிலிருந்து 328 பவுண்டு வரை காலத்துக்கேற்ப மாறியது. ஜப்பான்காரர் என்று கார்டில் இருந்த யோகோஸுனா, சமோவா வம்சத்து அமெரிக்கர்.

டைசன் வழக்கு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. “டைசன் ஒரு குத்து உட்டா இவன் ஏழு உசுரும் காலி” என்பது வியாசர்பாடி, புளியந்தோப்பு பாக்ஸிங் பசங்களின் நிரந்தர வாதம். 1998 ரெஸ்ல்மேனியாவில் டைசன் வந்து ஷான் மைக்கேல்ஸை ஒரே குத்தில் சாய்த்ததை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தக் குத்தும் பேசிவைத்ததுதான். நிஜமாக ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 1976 ஜூன் 26, டோக்கியோ, முகமது அலியும் ஜப்பான் ரெஸ்ட்லர் அந்தோனியோ இனோகியும் 15 ரவுண்டு. இனோகியின் பிடிகளில் பலவற்றை விதியாலேயே கட்டிவிட்டார்கள். அவரோ மல்லாக்கப் படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். படுத்திருப்பவனைக் குத்த முடியாது, எழுந்தால் குத்து விழும் என்பதால் அவர் எழவில்லை. அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேட்ச் டிரா. கூட்டம் கோபத்தில் குப்பையை வீசியது. அலியின் கால்கள் வீங்கி, ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரி போகவேண்டி வந்தது. அதே அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிக் குத்துச்சண்டை ஆடிக் காட்டியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆக டைசன் வழக்குக்குப் பதில்: நின்றால் டைசன், படுத்தால் சொல்ல முடியாது, பார்க்கிறவனுக்கு இரண்டிலும் நஷ்டம்.

உயிர்க் கணக்கு

இப்போது தலைப்பு வழக்கு. கதைக்குள் அவர் செத்த தேதிகள் இவை. 1994 ஜனவரி 22, ராயல் ரம்பிள். யோகோஸுனாவும் துணையாட்கள் பலரும் சேர்ந்து சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள், ஆவி கூரைக்கு உயர்ந்தது. உயர்ந்தது அவர் வேஷத்தில் வேறொரு ரெஸ்ட்லர். 1996 அக்டோபர் 20, மேட்சை ஜெயித்தும் மேன்கைண்ட் கோஷ்டி உயிரோடு புதைத்தது, மண்ணுக்கு மேலே ஊதாக் கையுறை ஒன்று நீட்டியது. 1998 ஜனவரி 18, ஷான் மைக்கேல்ஸோடு ஆடிய சவப்பெட்டி மேட்ச், பெட்டியோடு கேன் கொளுத்தினார். அதே வருடம் டிசம்பர் 13, ஆஸ்டினோடு ஆடிய மேட்சில் மறுபடி மண். 2003 நவம்பர் 16, கம்பெனி முதலாளியாக இருந்த வின்ஸ் மக்மேனோடு மேட்ச், கேன் உதவியோடு மண். 2005 அக்டோபர் 9, ஆர்ட்டன் அப்பாவும் பிள்ளையும் பெட்டியைக் கொளுத்தினார்கள். 2010 அக்டோபர் 24, கேனோடு மோதி மறுபடி மண்.

எண்ணினால் ஏழு. ஆனால் ‘ஏழு உசுரு’ என்ற பேச்சு பள்ளிக்கூட வாசல்களில் கிளம்பிய காலத்தில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் நடந்திருந்தது. முதலில் புரளி வந்துவிட்டது. கணக்கு பின்னாலேயே ஓடிவந்து 2010இல் அதைப் பிடித்தது.

இந்தச் சாவுகளை மூன்றாவது நோட்டோடு ஒட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 1994இல் முதுகு வலிக்கு ஓய்வு, பல மாதம் ஆளைக் காணோம். 2010இல் தோள்பட்டைக்கு ஆபரேஷன். 1996இல் ஒரு மாதத்துக்குள் தோல் உடையோடு புதுத் தோற்றம். 1998 டிசம்பருக்குப் பிறகு தனிக் கோஷ்டியோடு சாத்தான் வேஷம். 2000 முதல் பைக் ஓட்டிக்கொண்டு தலையில் துணி கட்டிய சாதா மனிதராக வந்துகொண்டிருந்தவர், 2003இல் புதைபட்டு 2004 மார்ச்சில் பழைய தொப்பியும் பால் பேரருமாக எழுந்துவந்தார். அவருக்குச் சாவு என்பது பெரும்பாலும் மெடிக்கல் லீவு, இல்லாவிட்டால் புதுத் துணி. 1998 ஜனவரியில் மட்டும் கணக்கு தலைகீழ். பெட்டியில் எரிந்தவர் பத்திரமாக இருந்தார். அந்த மேட்சை ஜெயித்த ஷான் மைக்கேல்ஸுக்கு மேட்சின் நடுவே பெட்டி விளிம்பில் முதுகு இடித்து முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி, அந்த மார்ச்சுக்குப் பிறகு நாலு வருடம் ரிங் ஏறமுடியாமல் போனது.

எட்டு என்று சொல்பவர் 1996 மே மாதத்து கோல்டஸ்ட் மேட்சைக் காட்டுவார். சவப்பெட்டி மேட்ச், பெட்டிக்குள்ளிருந்து மேன்கைண்ட் எழுந்து அமுக்க, இவரை உள்ளே போட்டு மூடிவிட்டார்கள், ரெக்கார்டிலும் தோல்விதான். இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பெட்டியை மூடினால் மட்டும் சாவு ஆகாது. புதைக்கவேண்டும், கொளுத்தவேண்டும், இல்லாவிட்டால் ஆவி மேலே போவதைக் காட்டவேண்டும். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை போகாத பெட்டிக்குக் காரியம் பண்ண முடியாது. அந்த விதிப்படி கோல்டஸ்ட் மேட்ச் கணக்கில் வராது, ஏழு என்றவருக்கு அத்தோ. எட்டு என்றவர் விதியையே ஏற்கமாட்டேன் என்றால், 2020 நவம்பர் 22 அன்று, அறிமுகமாகிச் சரியாக 30 வருடம் முடிந்த தேதியில், பால் பேரரின் ஒளியுருவத்துக்கு முன்னால் மண்டியிட்டு விடைபெற்றதையும் ஒரு சாவாகச் சேர்த்து ஒன்பது என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். அப்புறம் அத்தோவோடு இன்னொரு பர்மா பலகாரமான மொய்ங்காவும் சேர்த்து வாங்கவேண்டியிருக்கும்.